முகூர்த்த நாளில் எட்டு இல்லை

ஜனவரி 29, வியாழன்

பனி. பஸ் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி வரை நின்றுகொண்டே பயணம். முழங்கால் வலி. வாங்க வேண்டியவை: தைலம், கொத்தமல்லி, நல்ல ரப்பர் (போன தடவை வாங்கியது தாளையே கிழிக்கிறது).

திருத்தங்கல் தாண்டும்போது போன். தெரியாத நம்பர். "தாயில்பட்டியில இருந்து பேசுறேன்" என்று ஒரு பெண் குரல். வெடிவிபத்து என்றே நினைத்தேன். பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற ஊரிலிருந்து காலையில் வருகிற போன் என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் அப்படித்தான். நல்லவேளை, அது இல்லை. பெயர் மாரியம்மாள். கம்பெனி வேனில் உட்கார்ந்து பேசுகிறாள்.

"தினசரி காலண்டருக்குப் பின்னாடி நம்பர் புதிர் போடுறவுக நீங்கதானக்கா? தாளுக்கு அடியில உங்க நம்பர் இருந்துச்சு. நேத்துப் புதிருக்கு ரெண்டு விடை வருதே."

"வராது" என்றேன். பட்டென்று சொன்னேன். நான்கு வருடமாக, வருடம் முழுக்க ஒவ்வொரு நாள் தாளுக்கும் கையால் சுடோகு கட்டுகிறேன். காலண்டர் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது, 'ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை' என்று. அது விளம்பர வாசகம் இல்லை. நான் கொடுத்த வாக்கு.

அவளும் விடவில்லை. "வரி பாத்தேன், பத்தி பாத்தேன், ஒம்பது பெட்டியும் பாத்தேன். எங்கனயும் எந்த நம்பரும் ரெண்டு தடவை வரல. பக்கத்து சீட்டு பேச்சியும் போட்டா. அவளுதும் சரியா இருக்கு. இன்னைக்குத் தாள்ல வந்த விடை அவளோடதுதான். வேன் பூராம் என்னைக் கேலி பண்ணிட்டாளுகக்கா. நான் தப்புப் போட்டேனாம்."

"ரெண்டு பேருக்கும் எங்கே வித்தியாசம்?"

"நான் ஏளு போட்ட எடத்துலயெல்லாம் அவ எட்டு. நான் எட்டு போட்ட எடத்துலயெல்லாம் அவ ஏளு. மத்ததெல்லாம் ஒண்ணுபோல."

கம்பியைப் பிடித்தபடியே மனதுக்குள் கட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். பின்னால் ஒரு ஆள், "எறங்குறவுகளுக்கு வழி விடும்மா" என்று சத்தம் போட்டான். கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஏழும் எட்டும் முழுக்க இடம் மாறினாலும் விடை சரி என்றால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். கொடுத்த எண்களில் ஏழும் இல்லை, எட்டும் இல்லை. ஒரு எண் அடியோடு இல்லாமல் புதிர் கட்டலாம். நானே அப்படிக் கட்டுவேன், அதில் ஒரு கர்வம். நேற்றைய புதிரில் ஏழை வேண்டுமென்றேதான் விட்டேன். ஆனால் இரண்டு எண் இல்லாமல் போனால் எது எது என்று எவனாலும் சொல்ல முடியாது. இது எனக்கு ஒன்றாம் பாடம். இதில் நான் தவறமாட்டேன்.

"கம்பெனி கேட்டுக்குப் போயிட்டோம்க்கா, போனை வாங்கி வச்சிருவாக" என்று அவள் வைத்துவிட்டாள்.

நான் ப்ரூப் பார்க்கிற அச்சகம் போனதும் நேற்றைய தாளை எடுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று எண்கள். என் நோட்டில் இருபத்தாறு. இல்லாத மூன்றும் எட்டு.

சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

பனி இல்லை. காலையிலேயே வெயில் சுள்ளென்று. மின்வெட்டு பத்திலிருந்து பன்னிரண்டு வரை.

நான் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ப்ரூப் பீரோவில் இருக்கிறது. தேடி எடுத்தேன். அதில் மூன்று எட்டும் இருக்கின்றன, குத்துக்கல் மாதிரி. ஆகையால் நான் பார்த்த பிறகு, அச்சுப் பிளேட்டுக்குப் போவதற்கு முன், யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஊகிக்கக் கூடாது. புதிரிலும் சரி, ஆள் விஷயத்திலும் சரி. முதலில் எந்தெந்தத் தாள் என்று பார்த்தேன். ஜனவரி 1 முதல் 27 வரை எல்லாம் என் நோட்டோடு ஒத்துப்போகிறது. 28 கெட்டிருக்கிறது. 29 சரி. பிப்ரவரி 6 கெட்டிருக்கிறது. 7 சரி. 8 கெட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் எட்டு மட்டும்தான் காணோம். இருபத்தேழு நாள் ஒழுங்காக இருந்தது எப்படி? 28க்கும் 6க்கும் 8க்கும் என்ன உறவு?

தாள்களைத் திருப்பி முன்பக்கம் வைத்தேன். மூன்றிலும் தேதிக்குக் கீழே 'சுபமுகூர்த்த நாள்' (அச்சகத்தில் சுருக்கமாக மு.நாள்). மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் தை பிறக்கும் வரை தப்பித்திருக்கிறது. இவ்வளவுதான் புதிர். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவன் கணேசன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல பையன், குரல் ஓங்கிப் பேசமாட்டான். தாள்களை அவன் மேசையில் போட்டேன்.

"எட்டை எடுத்தது நீயா?"

"ஆமாக்கா. அண்ணாச்சிதான் காலண்டர் சீசன் நேரத்துல வந்து சொன்னாக. 'முகூர்த்த நாள் அதுவுமா எட்டு கண்ணுல படக்கூடாதுலே, எடுத்துரு'ன்னு. ஒவ்வொரு மு.நாளுக்கும் போயி எடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"காலிக் கட்டம் கூடுதலா இருந்தா என்னக்கா, கொஞ்சம் கூட யோசிப்பாகன்னு நெனைச்சேன்."

யோசிப்பார்களாம்! சுவரில் நாலு செங்கல்லை உருவிவிட்டு, காற்று நன்றாக வரும் என்கிறான். கத்திவிட்டேன். பைண்டிங் பக்கம் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பாவமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜனவரி 31, சனி

அண்ணாச்சி, அதாவது எங்கள் முதலாளி, பதினோரு மணிக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி. நல்ல மனுஷர்தான், பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். இன்றைக்கு மட்டும் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். வி.நகர் எண்ணெய்க் கடைக்காரர், இந்தக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தவர், போனில் சத்தம் போட்டிருக்கிறார். அவர் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர், 28ஆம் தேதி விடை தப்பு என்று கடைக்கே வந்து சொல்லியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று எழுத்தில் வேண்டுமாம்.

"நடந்தது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. எட்டை எடுக்கச் சொன்னீக. அதான் நடந்தது."

"ஏம்மா சபுரா, கல்யாணம் காச்சி வச்சிருக்கிற நாள்ல எட்டு எட்டா இருந்தா ஆருக்கும்மா மனசு வரும்? வீட்டுச் சுவர்ல தொங்குற சாமான் அது. நம்ம ஆளுக எட்டு இருக்கிற வண்டியவே வாங்க மாட்டாக."

"பிப்ரவரி எட்டாம் தேதி மு.நாள். முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எட்டு அடிச்சிருக்கோம். அதையும் எடுத்துருவமா?"

"தேதி ஆண்டவன் போட்டது. புதிர் நீ போட்டது."

எதிரில் உட்கார்ந்து பேப்பரில் வரைந்தே காட்டினேன். ஏழு, எட்டு இரண்டும் இல்லை என்றால் இரண்டு விடை, பாருங்கள் என்று. தலையை ஆட்டினார். புரிந்ததோ என்னவோ. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

'எங்கள் சரிபார்ப்பாளரின் கவனக்குறைவால் மேற்படி புதிரில் தவறு நேர்ந்துவிட்டது. அதற்கு அவர் வருந்துகிறார்.' கீழே கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயர்.

"சும்மா ஒரு சமாதானத்துக்கு. திங்கக்கெழமை குடுத்துட்டா ஆர்டர் நிக்கும். ஒரு கையெழுத்துதானம்மா."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கியதே தப்பு. அங்கேயே கிழித்திருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. எப்போதும் எனக்கு இப்படித்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மந்தாரம். துணி காயவில்லை. மச்சானுக்கு, என் வீட்டுக்காரருக்கு, கடை லீவு. மிளகாய் வற்றல் மண்டியில் ஆறு நாள் நின்றுவிட்டு வருகிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமையும் தும்மிக்கொண்டே இருக்கிறார். நோன்புக்கு இன்னும் பதினெட்டு நாளாம், பள்ளிவாசலிலிருந்து வந்து சொன்னார். மீன் வாங்கினார், முள் அதிகம்.

கடிதத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரு சபுரா. ஒரு எட்டு. இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?"

"நீங்க தரம் பார்த்துக் கட்டி வச்ச மூட்டையில வேற ஆளு வற்றலை மாத்திட்டு, மாத்துனது காதருதான்னு உங்க பேரப் போட்டு எழுதிக் கேட்டா குடுப்பீகளா மச்சான்?"

தட்டைப் பார்த்துக்கொண்டு முள் எடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 786 வருகிற நம்பருக்காக வண்டி வாங்குவதை இரண்டு மாதம் தள்ளிப் போட்டவர் அவர். எண்ணுக்குப் பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம், எண்ணிடம் நல்லது கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் எண்ணை எண்ணாகப் பார்க்கிற நான் பைத்தியக்காரி.

மத்தியானம் முழுக்க அடுத்து வரும் மு.நாள் புதிர்களை எட்டு இல்லாமல் போட்டுப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. தெரியாமல் இருக்க முடியவில்லை. பார்த்தவை பதினொன்று.

அதில் ஏழு புதிர்களுக்கு இன்னும் ஒரே விடைதான். ஆனால் அது என்ன புதிர்! நான் அதை வேனில் போகிறவர்களுக்காக, அடுப்படியில் நிற்கிறவர்களுக்காகக் கட்டினேன். 8ஆம் தேதிப் புதிரில் என் கணக்குப்படி இரண்டே வழி போதும்:

ஒத்தை ஆள். ஒரு கட்டத்தில் ஒன்பது எண்களில் எட்டு எண்கள் வர முடியாது என்று தெரிந்தால் மிச்சம் இருப்பதுதான் அங்கே.

ஒரே இடம். ஒரு பெட்டியில் ஐந்துக்கு வேறு எங்கேயும் இடமில்லை என்றால் அங்கேதான் ஐந்து.

இந்த இரண்டையும் காலண்டர் அட்டையின் பின்னால் நானே இதே பெயரில் எழுதியிருக்கிறேன். இப்போது எட்டு போனபின் ஆறு கட்டம் நிரம்புகிறது, அப்புறம் நகரவில்லை. ஜோடி பார்க்க வேண்டியிருக்கிறது (இரண்டு கட்டத்தில் அதே இரண்டு எண்தான் வரும் என்றால், அந்த வரியில் மற்ற கட்டங்களில் அந்த இரண்டையும் அடித்துவிடலாம்). அதற்கும் மசியவில்லை. கடைசியில் நாலு மூலை. அதாவது, ஒரு எண் இரண்டு வரிகளிலும் அதே இரண்டு பத்திகளில்தான் வர முடியும் என்றால், அந்தப் பத்திகளில் வேறெங்கும் அது வராது. எனக்கே முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பெண் வேனில் குலுங்கிக்கொண்டே பென்சிலைக் கடித்து, முடியாமல், 'எனக்கு மூளை இல்லை' என்று தாளைக் கசக்குவாள். அவளுக்கு மூளை இருக்கிறது. எண்ணைத் திருடிவிட்டார்கள்.

மிச்சம் நான்கும் செத்தவை. இரண்டு விடை அல்லது அதற்கு மேல். அதில் 6ஆம் தேதிப் புதிர்தான் வயிற்றெரிச்சல். எழுபத்தேழு கட்டம் தெளிவாக நிரம்புகிறது. மிச்சம் நாலே நாலு கட்டம்: நாலாவது, ஆறாவது வரிகள் இரண்டாவது, ஏழாவது பத்திகளோடு சந்திக்கிற இடங்கள். நான்கிலும் மூன்று அல்லது எட்டு. இப்படி வைத்தாலும் சரி, மாற்றி வைத்தாலும் சரி. வாசல் வரை கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துகிற வேலை.

மச்சான் டீ கொண்டுவந்து வைத்தார். டீ ஆறிவிட்டது.

பிப்ரவரி 2, திங்கள்

போகும்போதே முடிவு செய்துவிட்டேன். கடிதத்தை அண்ணாச்சி மேசையில் வைத்தேன். கோடு வெறுமையாக.

"நான் செய்யாததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணாச்சி. எந்தெந்த நாள்ல எந்தக் கட்டத்துல எட்டு வரணும்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். ஒரு துண்டுச்சீட்டா அடிச்சுக் கடைக்குக் குடுத்து விடுங்க. வர்ற ஆளுகளுக்கு அவுக குடுக்கட்டும். இன்னும் பதினோரு மாசம் அந்தக் காலண்டர் சுவர்ல கெடக்கும்."

"மு.நாளு, எட்டு, மு.நாளு, எட்டுன்னு வரிசையாப் போட்டு நானே சீட்டு அடிச்சு அனுப்பணுமா? வெளங்குமா ஏவாரம்?"

"அப்ப என் வாக்கு?"

சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அதுதான் தாங்கவில்லை. "வாக்கா? நாளைக்குக் காலையில கிழிச்சுப் போடுற தாளும்மா அது" என்றார்.

தினமும் கிழித்துப் போடுகிற தாள்தான். அதைக் கட்ட எனக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரம். இதையும் சொன்னேன். குரல் நடுங்கியது, கோபத்தில்தான். அழுகை என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இன்னும் எரிகிறது அது.

கடைசியில், "சரிம்மா. நீ கையெழுத்துப் போட வேண்டாம். அடுத்த சீசனுக்குப் புதிரைக் கம்ப்யூட்டர்லயே எடுத்துக்கிடுவோம். நீ ப்ரூப் மட்டும் பாரு" என்றார். மெதுவாக, ஒரு உபகாரம் செய்கிற மாதிரி.

வெளியே வந்து மிஷின் பக்கம் நின்றேன். சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில். ரப்பர் இன்னும் வாங்கவில்லை.

கடிதம் நேற்று சாயங்காலமே போய்விட்டதாம். 'சரிபார்ப்பாளர்' என்ற இடத்தில் 'பக்கம் வடிவமைப்பவர்' என்று மாற்றி. கீழே கணேசன் கையெழுத்து.

அவன் மேசைக்குப் போனேன். திரையைப் பார்த்தபடியே இருந்தான், திரும்பவில்லை.

"ஏன்டா போட்ட? உன் தப்பில்லைன்னு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"நீங்க மாட்டேன்னுட்டீக. அண்ணாச்சி போட மாட்டாக. பெறகு ஆரு இருக்காக்கா?"

நேற்று முழுக்க நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விலகியதும் அந்தக் கோடு யார் பக்கம் நகரும் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அண்ணாச்சி மேல் கோபம், அவன் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் என் மேல்.

"வெள்ளிக்கிழமை உன்கிட்டக் கத்தியிருக்கக் கூடாது" என்றேன். நாலு நாள் கழித்து.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். வடை வேண்டாமென்றுவிட்டான்.

பிப்ரவரி 4, புதன்

மறுபடி பனி. இன்று லீவு போட்டேன். காரணம் 'முழங்கால்' என்று எழுதினேன். பொய் இல்லை, முழுக்க உண்மையும் இல்லை.

நாளை மறுநாள் 6ஆம் தேதி. அந்தத் தாள் எத்தனை வீட்டில் தொங்குகிறதோ. எல்லோருக்கும் சொல்ல என்னிடம் வழி இல்லை. ஒரு நம்பர் மட்டும் இருக்கிறது. காலையில் ஏழரைக்கு, வேனில் இருப்பாள் என்று கணக்குப் போட்டு, மாரியம்மாளைக் கூப்பிட்டேன்.

முதலில் சொன்னது: "28ஆம் தேதி உங்க விடையும் சரி. பேச்சியோட விடையும் சரி. அச்சடிச்சதுதான் தப்பு."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஏட்டி பேச்சி, கேட்டியா? கேட்டியா? நானும் சரியாம்!" போனைத் தூக்கிப் பிடித்து என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். வேன் முழுக்கச் சிரிப்பு. ஒரு வாரத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

"இன்னும் சில நாள்ல எட்டு விட்டுப்போயிருக்கு. சொல்றேன், எழுதிக்கோங்க. எல்லாரும் வீட்டுல போயித் தாள்ல குறிச்சுக்கட்டும். முதல்ல 6ஆம் தேதி. நாலாவது வரி, ஏழாவது கட்டம். எட்டு."

வேன் சத்தம் மட்டும்.

"எழுதிட்டீகளா?"

"அக்கா." குரல் தணிந்துவிட்டது. "அன்னைக்கு முகூர்த்த நாளுக்கா. என் மகளைப் பொண்ணு பாக்க வாராக. அந்தத் தாள்ல நான் என் கையாலயே எட்டு எழுதவா?"

இவளுமா! இவளுக்காகத்தானே இத்தனை நாள் சண்டை போட்டேன். அண்ணாச்சி எங்கிருந்தோ சிரிப்பது மாதிரி இருந்தது. போனை வைத்துவிடலாமா என்று கை போனது.

"தப்பா நெனைக்காதீகக்கா. எட்டுதான் போடணுமா? அந்தப் புதிர் கெடாம வேற வழி ஏதும் இருக்கா?"

நோட்டைப் பார்த்தேன். நாலு கட்டம், மூன்று அல்லது எட்டு. ஏழாவதில் எட்டு வந்தால் அதே வரியில் இரண்டாவதில் மூன்றுதான் வர முடியும். அப்படியென்றால் அந்த மூன்றைச் சொன்னாலே போதும். பத்து வினாடி ஆகவில்லை. எட்டே எழுதாமல் ஒரே விடை. 28க்கு ஒரு ஏழு கொடுத்திருந்தாலே போதும். இதையெல்லாம் சீசனிலேயே, பிளேட் போடுவதற்கு முன், உட்கார்ந்த இடத்தில் செய்து கொடுத்திருப்பேன். வருடத்தின் எல்லா மு.நாளுக்கும் எட்டு இல்லாமலே கட்டியிருப்பேன். அண்ணாச்சி கேட்கவில்லை. கணேசன் கேட்கவில்லை. நானும் என் கோபத்தில் எட்டு எட்டு என்று நின்றேனே தவிர, இதை என்னிடம் நானே கேட்கவில்லை.

"இருக்கு" என்றேன். "நாலாவது வரி, ரெண்டாவது கட்டம். மூணு போடுங்க."